கோச் வைக்கப்போற மருமகனுக்கு

மாப்ளே, நீ பிசினஸ் கோச் வைக்கப்போறேன்னு ஒங்காத்தா வந்து சொன்னா. புள்ள பெரியாளா வரப்போறான்னு அவளுக்கு வாயெல்லாம் பல்லு. பீஸு எம்புட்டுன்னு கேட்டேன். அத மட்டும் நீ சொல்லலையாம். அப்பவே தெரிஞ்சுபோச்சு, தொகை பெருசுதான்னு.

மதுரையில அந்தக் கோச்சு ஏசி ஹால்ல ஒக்கார வச்சு, நோட்டும் பேனாவும் குடுத்து, அஞ்சு வருசத்துல எங்க இருப்பேன்னு எழுதச் சொன்னாராமே? நீ துபாய்னு எழுதுனியாம். எழுது, எழுது. நம்ம சோழவந்தான் வெத்தலை வாடிப்பட்டி தாண்டுறதுக்குள்ள வாடிப்போகுதேன்னு மட்டும் அங்க யாருகிட்டயும் சொல்லிராத. இன்னைக்கே சேந்தா பாதி விலைன்னும் சொன்னாராமே. நாமளும் சாயங்காலம் மிஞ்சுன வெத்தலைய அப்பிடித்தானடா தள்ளிவிடுறோம்!

கோச்சே ஆகாதுன்னு சொல்ற ஆளில்ல நானு. பேத்தி போன்ல ஒண்ணு வாசிச்சுக் காட்டுனா. எரிக் ஷ்மிட்னு ஒருத்தரு கூகுள் கம்பெனிக்குத் தலைவரா இருந்தப்ப, கோச் வச்சுக்கய்யான்னு சொன்னதுக்கு, எனக்கெதுக்குன்னு முறுக்கிக்கிட்டாராம். பெறகு பில் கேம்பல்ங்குறவருகிட்ட வருசக்கணக்கா ஒக்காந்து பேசியிருக்காரு. அந்தக் கேம்பல் யாருங்குற? கொலம்பியா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு 1974லருந்து 1979 வரைக்கும் கோச். 12 ஆட்டம் செயிச்சு 41 ஆட்டம் தோத்தவரு. சிரிக்காத. அதுக்கப்புறம் ஆப்பிள்ல வேலை பாத்து, இன்ட்யூட்டுங்குற கம்பெனிய நடத்தி, சம்பளம் போட்டு, நட்டம் பாத்துப் பழுத்த மனுசன். ஒன் ஆளு இதுவரைக்கும் என்ன யாவாரம் நடத்துனாரு? கோச்சிங் கிளாஸு நடத்துனாரு. சரி, அதுவும் யாவாரந்தான்.

டாக்டருக்கு ரிஜிஸ்டர் நம்பரு இருக்கு, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு. கோச்சுக்கு அப்பிடிச் சட்டம் ஒண்ணுங் கெடையாது. 1995ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு கூட்டமைப்பு சர்டிபிகேட் குடுக்குது. அத வாங்குனாலும் கோச், வாங்காட்டியும் கோச். நாளைக்கு நானே திண்ணையில போர்டு மாட்டலாம். சொந்தக்காரப் பயன்னு ஒனக்குப் பாதி விலை.

திருமங்கலத்துக்குத் தெக்க வடக்கம்பட்டி கேள்விப்பட்டிருப்ப. அந்த ஊருக்காரரு சுப்பா நாயுடு 1937ல காரைக்குடியில முனியாண்டி விலாஸ்னு ஒரு கறிச்சோத்துக் கடையப் போட்டாரு. இன்னைக்கு அந்தப் பேரு இல்லாத ஊரு உண்டா? யாரு கோச்சு அவய்ங்களுக்கு? ஊருக்காரப் பய ஒருத்தன் ஒறவுக்காரன் கடையில எல எடுப்பான், மேச தொடைப்பான், அப்பறமாட்டுக்கு சரக்கு மாஸ்டருகிட்ட நின்னு வெங்காயம் உரிப்பான், கல்லாவுல ஒக்காருவான். எந்தக் கறி என்னைக்குத் தீரும், எந்த வாடிக்கை கடன் சொல்லும், எல்லாம் கைக்கு வந்தப்பறந்தான் தனிக்கடை. மொத யாவாரக் காச முனியாண்டிக்குன்னு எடுத்து வைப்பாய்ங்க. தை மாசம் ஊருக்கு வந்து கிடா வெட்டி, ஊரே திங்க பிரியாணி போடுவாய்ங்க. ஒரு பய நோட்டுல துபாய்னு எழுதல.

நீ எங்கிட்டும் போயி எல எடுக்க வேணாம். கல்லாவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குதே ஒரு நீள நோட்டு, அத எறக்கு. மதுரைக் கடைக்காரய்ங்க பாக்கிய மட்டும் கூட்டு. கொடிக்காலுக்காரனுக்கு அன்னன்னைக்கு ரொக்கம் குடுத்துட்டு, வாங்குனவனுக்குத் தீவாளிவரைக்கும் தவணை குடுக்குற. கல்லா காலியா இருக்குறதுக்கு அதாண்டா காரணம். ஒங்கப்பன் தொண்டை கட்ட இதத்தான் கத்துறான், காதுல வாங்குறியா? அதையே அந்தக் கோட்டுக்காரரு ‘கேஷ் ஃப்ளோ’ன்னு சொல்லவும் அடிக்கோடு போட்டு எழுதிக்கிட்டு வந்திருக்க. அப்பன் சொன்னா வசவு, காசு குடுத்துக் கேட்டா பாடம். அப்பிடிக் குடுத்தாத்தான் ஒனக்கு ஏறும்னா, குடுத்துத் தொலை. நான் மெய்யாத்தான் சொல்றேன். வைத்தியச் செலவுன்னு வச்சுக்குவோம்.

ஆனா சேருமுன்ன ஒரு தடவ ஆள இங்க கூட்டியா. ஹால்ல இல்ல, விடியக்காலம் கொடிக்கால்ல. அகத்தி நெழல்ல ஈரத்துல நின்னு, வெத்தலை கிள்ளுறதையும் அடுக்கிக் கட்டுறதையும் பாக்கட்டும். செருப்பக் கழட்டி வரப்புல வச்சுட்டு எறங்குனா அரைவாசி தேறுன ஆளு. அப்பறம் ஒண்ணு கேளு: 2023ல நம்ம சோழவந்தான் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாய்ங்களே, அத என் கட்டுமேல போட என்ன செய்யணும்? சென்னையில பதிவகம் இருக்கு, அங்கீகாரம் வாங்குன ஆளா நாம பதியணும்னு சொன்னா ஆளு வீட்டுப்பாடம் செஞ்சவரு. தெரியல, விசாரிச்சுச் சொல்றேன்னாலும் நல்ல மனுசன். ‘மொதல்ல ஒங்க மைண்ட்செட்ட மாத்தணும்’னு ஆரம்பிச்சார்னா, இளநி வெட்டிக் குடுத்து மதுரை பஸ்ஸுல ஏத்திவிட்டுரு.

அந்தக் கேள்விக்கு மாவட்டத் தொழில் மையத்துலயும் ஆளு இருக்கு, காசு கேக்க மாட்டாய்ங்க. அதனாலதான் நீ அங்க போகமாட்ட.

இம்புட்டும் தாண்டி சேருறதுன்னே முடிவு பண்ணிட்டியா? வருசத்துக்கு மொத்தமாக் கட்டாத, மூணு மாசம் பாரு. பாக்கி எம்புட்டு கொறஞ்சிருக்குன்னு அந்த நீள நோட்டே சொல்லும். கட்டுற காசுக்கு ஜிஎஸ்டி நம்பரு போட்ட ரசீது கேளு. கேக்குறப்ப ரசீதப் பாக்காத, அவரு மூஞ்சியப் பாரு.