ஒன்றரை யூனிட்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் வேலை தீபாவளிக்கு மறுநாளே தொடங்கிவிடும். அக்கம்பக்கத்திலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்த எவர்சில்வர் தட்டுகளை அத்தை கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்குவார். ரம்ஜானுக்கு பாய் வீட்டுப் பிரியாணி வந்த தூக்குவாளி ஏற்கெனவே அங்கே இருக்கும். பாளையங்கோட்டையில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. மற்றவர்கள் ஒரு கை சீனியோ நாலு வாழைப்பழமோ போட்டு அன்றைக்கே கொடுத்தனுப்பிவிடுவார்கள். அத்தையின் கணக்கில் அது இரட்டைச் செலவு. இப்போது சீனியும் கொடுத்து, டிசம்பரில் கேக்கும் கொடுப்பதா? ஆகவே தட்டு எங்கள் வீட்டிலேயே தங்கி, கேக்கோடுதான் வீடு திரும்பும். எதிர்வீட்டு அக்கா இப்போதெல்லாம் கார்த்திகைப் பொரியைக் கொடுக்கும்போதே, "தட்டுக்கு அவசரமில்ல டீச்சர், கிறிஸ்துமஸுக்கே வரட்டும்" என்று சொல்லிவிடுகிறார்.

தட்டுகளின் எண்ணிக்கைதான் கேக்கின் எடையை முடிவு செய்கிறது. அதில் அத்தை கை வைக்க மாட்டார். அது மானப் பிரச்சினை. மிச்சம் பிடிப்பதெல்லாம் மற்ற இடங்களில்.

டூட்டி ஃப்ரூட்டி என்று கடை ஜாடியில் சிவப்பும் பச்சையுமாக மினுக்குவது பப்பாளிக்காய்தான். இது தெரிந்த நாளிலிருந்து அதைக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் வீட்டில் பாவங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கொல்லையில் மரம் நிற்கிறது, காய் இலவசம். அந்த இலவசக் காயைத் தோல் சீவி, பால் பட்டுக் கை அரிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, பட்டாணி அளவுக்கு நறுக்கி, வெந்நீரில் வேகவிட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் வடித்து, சீனிப்பாகில் போட்டுக் கம்பிப் பதம் வரும்வரை நின்று கிண்டி, கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வண்ணம் கலந்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். நவம்பர் மாதத்தில். வடகிழக்குப் பருவமழையில். உலர்த்த வேண்டும்.

வெயில் இல்லாததால் படுக்கையறைக் கட்டிலில் துணி விரித்து, மேலே ஃபேனைச் சுழலவிட்டோம். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால் நான்குக்கும் தண்ணீர்க் கிண்ணம். நானும் வீட்டுக்காரரும் தரையில் படுத்தோம். பாகுக்குப் போன சீனி, கேஸ், ஃபேன் எல்லாம் கூட்டி, கடை விலையோடு ஒப்பிட்டு ஒரு கணக்கு என்னிடம் இருக்கிறது. குடும்ப அமைதியை முன்னிட்டு அதை வெளியிடுவதாக இல்லை. அத்தையும் ஒரு நோட்டில் செலவு எழுதுகிறார். அதில் என் நேரத்துக்கு மட்டும் பத்தி கிடையாது.

வெண்ணெய்க்கும் இதே கதிதான். மாதக் கணக்கில் பாலாடை எடுத்துச் சேர்த்ததில் வீட்டில் யாரும் உருப்படியான காப்பி குடிக்கவில்லை. கடை வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் வெண்ணெய்க்கு எந்த விதியும் கிடையாது. பிழியப் பிழிய மோர் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அத்தை கட்சி. பெரிய ஹோட்டல்களில் மாதத்துக்கு முன்பே பிரபலங்களைக் கூப்பிட்டு, கையுறை மாட்டி, உலர்பழத்தின் மேல் பாட்டில் பாட்டிலாக ரம் ஊற்றிப் படம் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் ரம் வாங்க யார் போவது? டாஸ்மாக் வாசலில் சபை மூப்பர் பார்த்துவிட்டால் என்ன ஆவது? அவர் அங்கே எதற்கு வந்தார் என்று நாம் திருப்பிக் கேட்கவும் முடியாது. அதனால் அத்தை திராட்சையையும் பேரீச்சையையும் ஆரஞ்சு சாற்றில் போட்டு மெல்லிய தீயில் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு ஆறவைக்கிறார். பழம் உப்பி, மாதக்கணக்கில் ஊறியது போல நிற்கிறது. பணமும் மிச்சம், நேரமும் மிச்சம், மூப்பர் பயமும் இல்லை.

அளவுக்கு அத்தையிடம் பழைய தராசு ஒன்று உண்டு. ஒரு தட்டில் முட்டை, மறுதட்டில் அதே எடைக்கு மைதா. பிறகு அதே முட்டைக்கு வெண்ணெய், அதே முட்டைக்குச் சீனி. படிக்கல்லே வேண்டாம். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாமக்கல்லில் முட்டை விலை ஏறிவிடும். எல்லாவற்றையும் நிறுத்து முடித்தபின், யாரும் பார்க்காதபோது, அத்தை இரண்டு முட்டையைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தயிரும் ஆப்பசோடாவும் போட்டு ஈடுகட்டிவிடுவார்.

எங்கள் வீட்டில் ஓவன் இருக்கிறது. 1500 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். "இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா என்ன ஆகும் தெரியும்லா?" என்று வீட்டுக்காரர் மீட்டருக்குக் கீழே நின்றுகொண்டு கேட்பார். அதே மனிதர் மாடியில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு போட்டு, டிசம்பர் முழுக்க விடிய விடிய எரியவிடுகிறார். மூன்று ராத்திரி நட்சத்திரம் எரிந்தால் ஒரு கேக் வெந்துவிடும். சொல்லிப் பார்த்தேன். அது பண்டிகையாம்.

அதனால் மாவுப் பாத்திரத்தைத் துணியால் மூடிக்கொண்டு பேக்கரிக்குப் போனோம். ரொட்டியும் பன்னும் எடுத்த பிறகு செங்கல் அடுப்பில் தங்குகிற சூடு ரொட்டிக்குப் போதாது; நிதானமாக வேக வேண்டிய பழக் கேக்குக்கு அதைவிடப் பொருத்தமான சூடு கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையில் சபைப் பெண்கள் பாதிப்பேர் நின்றார்கள். பேக்கரி அண்ணாச்சி கரண்டியால் எங்கள் மாவை அள்ளி, விழுகிற பதத்தைப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "என்ன டீச்சர், முட்டை விலை ரொம்ப ஏறிப் போச்சோ?"

அத்தை அசரவில்லை. "லேய், உன்னை அஞ்சாப்புல பாஸ் போட்டது நானாக்கும்."

கூலியில் பத்து ரூபாய் குறைந்தது.

பழக் கேக்கைச் சுட்ட அன்றே வெட்டினால் உதிரும். இரண்டு மூன்று நாள் ஆறவிட்டால் கத்திக்கு அடங்கும், மெல்லிசாக நிறைய துண்டு வரும். இது அத்தைக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானம். ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் கேக்கைக் காப்பாற்றுவது லேசில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், அவர்களை முந்திக்கொள்ளும் அப்பா, போதாததற்கு நடுராத்திரியில் டிரம் அடித்துக்கொண்டு வரும் கேரல் பார்ட்டி. பாடி முடித்ததும் அவர்கள் கண் நேராகச் சமையலறைக்குத்தான் போகும். ஆகவே அத்தை கேக்குகளை வெண்ணெய்த்தாளில் சுற்றி, பட்டுப்புடவை அடுக்குக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பண்டிகையன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் தட்டுகள் அவரவர் வீட்டுக்குப் போயின. மாலையில் எதிர்வீட்டு அக்கா காம்பவுண்ட் சுவர் ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

"கேக் ரொம்ப நல்லாருந்துச்சு. இந்தத் தடவை என்ன எசென்ஸ் போட்டீங்க? எங்க வீட்டுக்காரரு பீரோவைத் திறந்த மாதிரி இருக்குங்காரு."