காரவானும் கறவை மாடும்

2021இல் கேரளா தொடங்கிய காரவான் சுற்றுலாவைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அணைக்கட்டு மாமாவுக்குத் தூக்கமில்லை. "டிராக்டர் டிரெய்லருக்குக் கூரை போட்டா அதுவும் காரவான்தானே மாப்ள?"

வழி சுலபம். பள்ளிகொண்டாவில் 48ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, கிருஷ்ணகிரியில் 44க்கு மாறினால் நேரே ஸ்ரீநகர். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க வராது என்பதால், திரும்பி வருவதை மாமா திட்டத்தில் சேர்க்கவில்லை. சாமான் பட்டியலில் அத்தை கிரைண்டரைச் சேர்த்தார். பெரியம்மா கறவை மாட்டை.

டிரெய்லரில் ஆளேற்றுவது சட்டப்படி குற்றம் என்றேன். "அப்ப மாடு மட்டும் காஷ்மீர் போவட்டும்" என்றார் அத்தை.

மூன்று மாதத் திட்டமிடலுக்குப் பின் பஸ்ஸில் கிளம்பினோம். ஆம்பூரைத் தாண்டினால் பிரியாணி எப்படியிருக்குமோ என்ற கவலையில், பாரத தரிசனம் அங்கேயே இனிதே நிறைவுற்றது.