சுணைச் செடியின் நன்னடத்தை: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: ஒரு செடி நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பது யார்? தாவரவியலார் இதற்கு நுண்ணோக்கியை நாடினர். இவ்வாய்வு வழக்குமன்றத்தை நாடுகிறது.

ஆய்வுப்பொருள்: போராஜினேசி குடும்பத்து எக்கியம் பேரினம். லின்னேயஸ் 1753-இல் பதிவு செய்தது. உடம்பெல்லாம் சுணை, தொட்டவர் சொறிவார். டெனெரிஃப் தீவின் மலையில் வளரும் இனமொன்று மூன்று மீட்டர் உயரம்வரை செந்நிறப் பூங்கோபுரம் எழுப்பி, ஒரே முறை பூத்து, விதைத்துவிட்டு மடிகிறது. அதன்மீது வழக்கு ஏதும் இல்லாததால் அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

வழக்கில் சிக்கியது எக்கியம் பிளான்டஜினியம். மத்தியதரைக் கடலோரம் பிறந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், தோட்டத்து அழகியாக இருந்து, வேலி தாண்டி, மேய்ச்சல் நிலமெங்கும் ஊதாக் கம்பளம் விரித்தது.

முதல் தரப்பு: கால்நடை வளர்ப்போர். செடியிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும். குதிரையும் பன்றியும் எளிதில் மாட்டிக்கொள்ளும். எனவே நியூ சவுத் வேல்ஸில் இதற்கு 'பேட்டர்சனின் சாபம்' என்று பெயர்.

இரண்டாம் தரப்பு: தேனீ வளர்ப்போர். தேனும் மகரந்தமும் அள்ளித்தரும் பூவைச் சபிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. செம்மறி வளர்ப்போரும் இவர்கள் பக்கமே: மழை குறைந்த தெற்கு ஆஸ்திரேலியாவில், ஓரளவு நஞ்சு தாங்கும் செம்மறிகளுக்கு இதுவே தீவனம். அங்கே இது 'சால்வேஷன் ஜேன்', அதாவது மீட்பளிக்கும் ஜேன்.

மூன்றாம் தரப்பு: சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசு ஆய்வு நிறுவனம். இச்செடியைத் தின்னும் பூச்சிகளைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட முனைந்தது. 1980-இல் தேனீக்காரர்களும் சில ஆட்டுப்பண்ணையாரும் சேர்ந்து தடையுத்தரவு வாங்கினர். சிக்கலைத் தீர்க்க நாடாளுமன்றம் 1984-இல் உயிரியல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. விசாரணை முடிந்து 1988-இல் தடை விலகியது. பசியோடு வந்த பூச்சிகளுக்கு எட்டாண்டு வாய்தா.

குறுக்கு விசாரணை: இப்பூவின் தேனிலும் அந்த ஆல்கலாய்டு உண்டு, ஆகவே வேறு தேனோடு கலந்து அதன் அளவைக் குறைக்கிறார்கள். சாட்சியின் சட்டையிலும் கறை இருப்பது இங்கே நிறுவப்படுகிறது. ஆயினும் சாட்சி இனிப்பானவர் என்பதால் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

கண்டறிந்த விதி: செடியின் ஒழுக்கம் அதன் வேரிலோ இலையிலோ இல்லை, பார்ப்பவர் வளர்க்கும் பிராணியின் வயிற்றில் இருக்கிறது. குதிரை வைத்திருப்பவருக்குக் கொலைகாரி, செம்மறி வைத்திருப்பவருக்குச் சோறு, தேனீ வைத்திருப்பவருக்குக் குலதெய்வம். எதுவும் வைத்திராதவருக்குப் படமெடுத்துக்கொள்ள நல்ல பின்னணி.

துணைவிதி: நடுநிலையாளர் என்பவர் இன்னும் எதையும் வளர்க்கத் தொடங்காதவர்.

பரிந்துரை: இனி யாரேனும் ஒன்றைக் களை என்று சொன்னால், பிடுங்குவதற்கு முன் அவர் தொழுவத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.