மேசையை ஆட்டும் சிடி

கேள்வி: அப்பாவுக்காகப் பழைய பாட்டுகளைப் பதிந்த சிடியைக் கணினியில் போட்டால் மேசையே அதிர்கிறது. கடை சிடிகள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. டிரைவ் போய்விட்டதா ஐயா?
– வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: டிரைவ் மேல் பழி போடாதீர்கள் அம்மா! சிடியின் மேல் அழகான காகித ஸ்டிக்கர் ஒட்டியிருப்பீர்களே, முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நடுத்துளையைவிட்டுச் சற்று விலகினாலே எடை ஒருபக்கம் சாயும். 52 வேக டிரைவில் சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் காகிதத் துண்டும் பம்பரத்தைத் தள்ளாட வைக்கும். நம் ஜொகூர் ஈரக்காற்றில் ஸ்டிக்கர் ஓரம் உப்பிக் கிளம்பினால் இன்னும் மோசம். அவசரப்பட்டுப் பிய்த்துவிடாதீர்கள்! பாட்டு பதிந்த படலம் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது, அதுவும் கூடவே உரிந்து வரும். பாட்டுகளை உடனே கணினியில் ஏற்றிக்கொண்டு, புது சிடியில் பதியுங்கள். பெயரை மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.