சீரியல் சபையின் தோற்றமும் வளர்ச்சியும்: தாமிரபரணிக் கரையை முன்வைத்து

சீரியல் சபை என்பது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நேற்றைய பகுதியைப் பார்த்தவர்களும் தவறவிட்டவர்களும் கூடிப் பேசும் அமைப்பு. இதற்குத் தலைவர், பொருளாளர், சந்தா எதுவும் இல்லை; ஆகவே இது பிளவுபட்டதும் இல்லை. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை ஊர்களில் விளங்கும் இச்சபையின் வரலாற்றை நான்கு காலங்களாகப் பகுக்கலாம்.

முதலாவது ஆன்டெனாக் காலம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியும் அதன் அலைகள் நெல்லையை எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் வந்தபின் தட்டட்டிகளில் உயர்ந்த கம்பங்கள் தென்கிழக்கை நோக்கின. ஒருவர் மேலே கம்பத்தைத் திருப்புவார். மற்றவர்கள் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்லே" என்பார்கள். படம் தெளிவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும் என்பதால், இக்காலச் சபையில் கருத்து வேறுபாடு எழவில்லை.

இரண்டாவது இதிகாசக் காலம். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25இலும், பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2இலும் தொடங்கின. வசனம் இந்தி, சபையோருக்கு இந்தி தெரியாது, கதை தெரியும். எனவே விளக்கவுரை ஆச்சிகளின் பொறுப்பாயிற்று. திரையில் வாய் அசையுமுன்பே அவர்கள் வசனத்தைச் சொல்லி முடித்தார்கள். கதைசொல்லி என்னும் பதவி இவ்வாறு உருவானது.

மூன்றாவது கேபிள் காலம். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது; 'சித்தி' (1999–2001), 'மெட்டி ஒலி' (2002–2005), 'கோலங்கள்' (2003–2009) ஆகியவை தொடர்ந்தன. முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் இக்காலச் சபையின் தூண்கள். தூள் வைத்து இலையை உருட்டுகையில் கண் சுளகில் இருக்கும். காது மட்டுமே திரைக்கு உரியது. நடப்பதைவிடப் பேசுவது மிகுந்த தொடர்கள் வென்ற காரணத்தைத் திரைக்கதை இலக்கணத்தில் தேடுவது வீண். சுளகில் தேட வேண்டும்.

இக்காலத்தில் உறுப்பினர் மூவகையாயினர்: கதைசொல்லி; வில்லியைச் "சவத்து மூதி" என்று வாழ்த்துபவர்; சீரியலே பார்க்காதவர். மூன்றாம் வகையினர் பெரும்பாலும் ஆண்கள். நாளிதழுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் இவர்கள், கதைசொல்லி முறை மாற்றிச் சொன்னால் மட்டும், "அவ தங்கச்சி இல்லட்டி, கொழுந்தியா" என்று திருத்துவார்கள்.

நான்காவது வீட்டுக்கொரு பெட்டிக் காலம். தமிழக அரசு 2006 முதல் இலவசத் தொலைக்காட்சி வழங்கியதும் சபை கலைந்திருக்க வேண்டும். அது மறுநாள் காலைப் படித்துறைக்கு இடம் மாறியதோடு சரி. 2012இன் கடும் மின்வெட்டு கதைசொல்லியின் மதிப்பை மேலும் உயர்த்தியது. பின்வந்த கைபேசி, விரும்பிய நேரத்தில் பார்க்கும் வசதியைத் தந்ததுடன், "சொல்லிராத, நான் இன்னும் பாக்கல" என்னும் தடைச்சட்டத்தையும் கொண்டுவந்தது. 'எதிர்நீச்சல்' குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல் காலமானபோது, அவரை அன்றாடம் திட்டி வந்த பிரிவே அதிகம் கலங்கியது.

நான்கு காலங்களிலும் சபையை நிலைநிறுத்தியவர் ஒருவரே: பார்க்க முடியாமற்போனவர். படம் தெரியாதவர், மொழி புரியாதவர், கண் சுளகில் இருந்தவர், மின்சாரம் இல்லாதவர் என்று அவர் வேடம் மாறியதே வரலாறு. அனைவரும் அனைத்தையும் பார்த்துவிட்டால் பேச ஒன்றுமிராது. ஆகவே சபையின் நலம் நாடுவோர் வாரத்துக்கு ஒரு பகுதியையாவது தவறவிடக் கடமைப்பட்டவர்கள்.