திறந்தே கிடந்த மதகு

கேள்வி: பணக்கொள்கை, நிதி என்று ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்பவரால் எங்கள் ஊர் விவசாயிக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜனைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியர், 1992-ல் ரிசர்வ் வங்கி கவர்னர். அந்தக் காலத்தில் மத்திய அரசுக்குப் பணமுடை வந்தால் ‘அட்ஹாக்’ கருவூலப் பத்திரத்தை நீட்டும். ரிசர்வ் வங்கி பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மதகு திறந்தே கிடந்தது! 1994-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டு, 1997-ல் அதை மூட வைத்தார். மூடாத மதகு நாற்றை என்ன செய்யும் என்பதைப் பாகூர் ஏரிக்காரருக்கு நானா சொல்ல வேண்டும்? பணவெள்ளமும் அப்படித்தான்; விலைவாசியை ஏற்றிவிடும். நெல் விற்ற காசு மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இளைத்துவிடும்.