மாப்பிள்ளை முறுக்கு

வா மாப்ளே, உக்காரு. கை முழுக்கக் கிரீஸு. களிய நான்தான் உருட்டி ஊட்டணும்போல இருக்கு.

உங்க தாத்தன் ஓட்டுன அம்பாசடருக்கு உயிர் குடுக்கப் போறியாம். இண்டூர்ல டீ குடிக்கிறவன் எல்லாம் அதத்தான் பேசுறான். புளியமரத்தடியில இத்தன வருசமா கோழி அடைஞ்ச வண்டி அது. கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல பொறந்தது, வெள்ளைக்காரனோட மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சம். கம்பெனிக்காரனே 2014-ல போதும்னு நிறுத்திட்டான், நீ மட்டும் விடமாட்டேங்குற. ஊருக்குள்ள உன்ன மறை கழண்டவன்னு சொல்றாங்க. நான் விட்டுக்குடுக்கல மாப்ளே. "இன்னும் கழரல, அவன் எஞ்சின் ஹெட் நட்ட முறுக்கட்டும், அப்பப் பாருங்க"ன்னு அடக்கி வெச்சிருக்கேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் கிளீனர் வேல பாத்தவன். நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுறவன். இருந்தாலும் நேத்து ஒண்ணு பாத்தேன். ஸ்பேனர் பிடியில ரெண்டடி பைப்ப மாட்டி, பல்லக் கடிச்சுக்கிட்டு நின்ன பாரு, மாப்பிள்ளை முறுக்குன்னா அதுதான்! நல்ல வேளை, அந்த நேரம் பாத்து உங்க அத்தை சாப்பிடக் கூப்பிட்டா.

கணக்கு சொல்றேன் கேளு. அந்த 1489 சிசி எஞ்சினுக்கு ஹெட் நட்டு முறுக்கு 40 பவுண்டு-அடி. ஒரு அடி நீளப் பிடியோட நுனியில 18 கிலோவத் தொங்கவிட்டா எவ்வளவோ, அவ்வளவுதான். பிடி ரெண்டடி ஆனா 9 கிலோ போதும். உங்க அத்தை இடுப்புல வெச்சுட்டு வர்ற தண்ணிக் குடம் அதவிடக் கனம். நீ அந்தப் பைப்புல பாதி உடம்பத் தொங்கவிட்டிருந்தாலே நாலு மடங்கு ஏறியிருக்கும். நட்டு ஏறுற ஸ்டட்டு அறுந்து கையோட வந்திருக்கும், அத ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கலாம்.

இறுக்குறதுன்னா இரும்ப இரும்போட அப்புறதுன்னு நெனச்சுட்ட. அப்படி இல்ல. ஸ்டட்ட ஒரு மயிரிழை நீட்டி விடுறோம். அது சுருங்கப் பாக்கும். அந்த இழுப்புதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் பிளாக்கோட சேத்து அமுக்குது. உண்டிக்கோல் ரப்பர் மாதிரி. அளவா இழுத்தா திரும்பி வரும், மீறி இழுத்தா தொளதொளன்னு தொங்கும்.

நீ போடுற முறுக்குல ஏறக்குறைய பத்துல ஒம்போது பங்க உராய்வே தின்னுடும். ஸ்டட்ட நீட்டப் போய்ச் சேர்றது மிச்சம் ஒரு பங்கு. மாங்கா மண்டிக் கணக்கு மாதிரிதான், நடுவுல தின்னவன் போகத்தான் தோட்டக்காரனுக்கு. மறையில துருவும் கரியும் இருந்தா அந்த ஒரு பங்கும் போச்சு. வெச்ச அளவு வந்துருச்சுன்னு டார்க் ரென்ச் 'டிக்'குன்னு சத்தம் குடுக்கும், நீ ஃபோட்டோ எடுத்து அனுப்புவ, நட்டு லூசாவே உக்காந்திருக்கும். அதனால மொதல்ல கம்பி பிரஷ்ஷால மறையத் தொலக்கு. நட்டு விரலாலயே அடிவரைக்கும் எறங்கணும். எண்ணெய் போடச் சொல்லுதா வேணாங்குதான்னு மேனுவலப் பாரு. ஸ்டட்டுக் குழியில மட்டும் எண்ணெயோ தண்ணியோ தேங்க விடாத. ஸ்டட்டு எறங்கும்போது அதுக்குப் போக வழியில்லாம பிளாக்கையே பொளந்துடும்.

ஸ்பேனரும் சரியா எடு. அந்த நட்டுக்கு 9/16 அங்குலம். 14 நுழையாது, 15 ஆடும். "ஆடுனா என்ன மாமா"ன்னு 15-அ மாட்டுனா முனையெல்லாம் மழுங்கி, நட்டு கோலிகுண்டு ஆயிடும்.

மொத்தம் 11 நட்டு. அதுல நாலு, வால்வத் தட்டுற ராக்கரையும் ஹெட்டையும் சேத்துப் புடிச்சிருக்கு. மீதி ஏழு ஹெட்ட மட்டும் புடிச்சிருக்கு. ராக்கரத்தான கழட்டுறோம்னு அந்த நாலை மட்டும் தளத்துன, ஹெட்டு கோணிக்கும், தண்ணி சிலிண்டருக்கும் எண்ணெய் சம்ப்புக்கும் எறங்கும். பங்காளி வீட்டுப் பேச்சு மாதிரிதான். நாலு பேரத் தனியாக் கூப்பிட்டா மத்த ஏழு பேரு மொகம் கோணும். ரேடியேட்டர் தண்ணிய வடிச்சுட்டு, பதினொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா சேத்தே தளத்து.

இறுக்குற விதத்துக்கு, நீ உக்காந்திருக்கியே, இந்தக் கயித்துக் கட்டிலப் பாரு. ஒரு பக்கத்த மட்டும் இழுத்துக் கட்டுனா சட்டம் கோணிக்கும், படுத்தா குப்புறத் தள்ளும். ஹெட்டும் அப்படித்தான். நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெளிய போ. மொத சுத்து 15, அடுத்தது 30, கடைசியா 40. ரென்ச்ச வெடுக்குன்னு இழுக்காத, பால் கறக்குற கை மாதிரி ஒரே சீரா வரணும். ஒரு 'டிக்' வந்தா விட்டுடு. "இன்னொரு தடவ"ன்னா அது மொய் இல்ல மாப்ளே, வட்டி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? இருபது வயசுல நானும் உன்ன மாதிரி முறுக்குனவன்தான். டாக்சி அம்பாசடர்ல ஒரு பக்கத்து நட்டையெல்லாம் மொதல்லயே இறுக்கி முடிச்சுட்டு, சிங்கம் மாதிரி ஏறி உக்காந்தேன். சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல பானெட்டுல ஆவி, பின்னாடி வெள்ளப் புகை. டிப் ஸ்டிக்க உருவிப் பாத்தா எண்ணெய் பால் காப்பி நெறத்துல இருக்கு. கேஸ்கட்டு போச்சு. டிரைவர் ஒரு வார்த்தை திட்டல. கையில குடத்தக் குடுத்தாரு, அவ்வளவுதான். அன்னைக்கு நடந்த நடை இன்னும் முட்டியில இருக்கு.

வண்டி ஓடுனதும் ஆட்டம் போடாத. கேஸ்கட்டு அமுங்கி உக்காரும், அதனால கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, மேனுவல் சொல்ற மாதிரி மறுபடியும் இறுக்கிப் பாரு. டேப்பட் இடைவெளியும் மாறியிருக்கும், அதையும் பாரு. வேல முடிஞ்சதும் ரென்ச்சோட ஸ்பிரிங்க ஆகக் குறைஞ்ச அளவு வரைக்கும் எறக்கி வெச்சுடு. அந்த ரென்ச்சால நட்டக் கழட்ட மட்டும் செய்யாத.

சாப்ட்டாச்சா? கையக் கழுவு. அப்படியே அந்த ரெண்டடி பைப்ப எடுத்துட்டு வா. ஊதாங்குழல் இல்லாம உங்க அத்தை ஒரு வாரமா வாயால அடுப்ப ஊதிக்கிட்டு இருக்கா.